மாஸ்டர் கார்டனர் என்பவர் யார்? அவருக்குப் பயிற்சி தருவது யார்?

பல்கலைக்கழகத்திடம் தோட்டக்கலை கற்று, கைமாறாக ஊராருக்குக் காசு வாங்காமல் சொல்லித்தரும் தன்னார்வலர்தான் மாஸ்டர் கார்டனர். 1972-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய முறை. வீட்டுத்தோட்டக் கேள்விகள் குவிந்தன, மக்களுக்கு வேளாண் ஆலோசனை சொல்லும் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலர்களால் சமாளிக்க முடியவில்லை. அதனால் மண், பூச்சி, நோய் பற்றி வகுப்பெடுத்து, தேறியவர்களை இத்தனை மணி நேரச் சேவை என்ற கணக்கில் அந்தந்த வட்டாரத்துக்கே அனுப்பினார்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது மதுரையில் தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போடுகிறோமே, அதே ஏற்பாடுதான். தாகம் எடுத்த இடத்திலேயே மோர். மல்லிகை மொட்டில் துளை தெரிந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். இதைக் காட்டித்தரப் பக்கத்து வீட்டிலேயே ஆள் இருந்தால் வீண் மருந்தடிப்பு எவ்வளவு குறையும்! ஒத்தக்கடை வேளாண் கல்லூரி அருகிலிருக்கும் நமக்கு இது கைக்கெட்டும் தூரம்தான்.

பலரும் நினைப்பதுபோல இது பட்டமோ தொழில் உரிமமோ அல்ல. இந்தப் பெயரைச் சொல்லித் தொழில் நடத்தக்கூடாது.