வாசகர் கேள்வி: இரட்டை இதயக் கற்சுவர்

கேள்வி: தைவானின் பெங்ஹு தீவுகளில், கடலுக்குள் இரண்டு இதயம் சேர்ந்தாற்போலக் கல்லடுக்கிக் கட்டிய மீன்பிடிச் சுவரைப் படத்தில் பார்த்தேன். குடும்பத்தோடு போய்ப் பார்க்க ஆசை. எங்களைப் போல எல்லோரும் கிளம்பினால் அது பாழாகிவிடாதா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். சுவர்மேல் ஏறி நடந்தால் கல் நகரும், அது உண்மை. ஆனால் பெங்ஹுவில் இந்தச் சுவர்கள் இடிந்துபோனதற்குப் பெரிய காரணம் பராமரிக்க ஆளில்லாமல் போனதுதான்.

நீங்கள் பார்த்தது தெற்குக் கோடியில் உள்ள சிமெய் தீவில் இருக்கிறது. அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள், தீவுக்கூட்டம் முழுக்க 500-க்கும் மேல் உண்டு, வடக்கே ஜிபெய் என்ற சின்னத் தீவைச் சுற்றி மட்டுமே 80-க்கும் மேல். எரிமலைக் கருங்கல்லும், உங்கள் ஊரில் முருகைக்கல் என்பீர்களே, அந்தப் பவளப்பாறைக் கல்லும்தான் சரக்கு. சாந்து கிடையாது. ஏற்றத்தில் சுவர் மூழ்கும்போது மீன் உள்ளே வந்து மேயும். வற்றத்தில் தண்ணீர் கல்லிடுக்கு வழியாக வடிந்துபோகும், மீன் நின்றுவிடும். நின்ற மீன் சுவரை ஒட்டியே வழி தேடிச் சுற்றும் அல்லவா, அதற்காகத்தான் சுவரின் முனையை உள்பக்கமாகச் சுருட்டி வளைத்திருக்கிறார்கள், சுற்றி வரும் மீன் திரும்பவும் உள்ளேயே போய்விடும். ஆக, அந்த இதய வடிவம் காதலுக்காகக் கட்டியதல்ல, மீனைத் தப்பவிடாமல் வைக்கக் கட்டியது. எனக்கு அது இன்னும் அழகாகத் தெரிகிறது.

ஒரு சுவரைப் பல குடும்பங்கள் பங்கு போட்டுக் கட்டி, முறை வைத்து மீன் எடுப்பார்கள். பழவேற்காட்டில் 'பாடு' என்று முறை வைத்து வலை போடுகிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. அலை தள்ளிய கல்லை எடுத்து வைப்பதும் பங்குக்காரர்கள் பொறுப்பு. அப்புறம் மோட்டார் படகு வந்தது, கரையோரத்தில் மீன் குறைந்தது, பிள்ளைகள் வேலை தேடித் தைவான் பெருந்தீவுக்குப் போனார்கள். கல்லை எடுத்து வைக்க ஆளில்லை. சில இடங்களில் சிமெண்ட் பூசிப் பார்த்தார்கள், என் மனதுக்கு அது ஒப்பவில்லை. இடுக்கை அடைத்துவிட்டால் தண்ணீர் எப்படி வடியும்?

இப்போது உள்ளூர் இளைஞர்கள் சிலர், வயதான கைகாரர்களிடம் கல்லடுக்கக் கற்றுக்கொண்டு இடிந்த சுவர்களைத் திரும்ப எழுப்புகிறார்கள், வற்ற நேரத்தில் பயணிகளையும் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். உங்கள் காசு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். சிமெயில் மேட்டில் நின்று பார்த்தாலே முழு வடிவமும் தெரியும், கீழே இறங்கிச் சுவர்மேல் நிற்க வேண்டாம். ஜிபெயில் இதற்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள்.

போகும் நாளின் வற்ற நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். பயணிகள் போவது கோடையில். ஆனால் இந்தச் சுவர்களில் நிறைய மீன் விழுவது, வாடைக்காற்று அடித்துப் படகு இறக்க முடியாத குளிர்காலத்தில். குளிரும் காற்றும் தாங்கும் என்றால் அப்போது போங்கள். திரும்பி வந்ததும், அந்தக் கல்லும் உங்கள் ஊர் முருகைக்கல்லும் ஒன்றுபோல இருந்ததா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.