மின்சாரப் படகு நடைமுறைக்கு ஒத்துவருமா?

மின்சாரப் படகு என்றால் டீசல் இன்ஜினுக்குப் பதிலாக பேட்டரியும் மோட்டாரும் வைத்த படகு, அவ்வளவுதான். ஒத்துவருமா என்பது வேகத்தையும் தூரத்தையும் பொறுத்தது. இடுப்பளவு தண்ணீரில் சும்மா நடக்கலாம், ஓடிப் பாருங்கள், மூச்சு வாங்கிவிடும். படகுக்கும் அதே கதைதான், வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும், ஒரு கிலோ பேட்டரியில் அடங்கும் ஆற்றலோ ஒரு கிலோ டீசலில் இருப்பதில் மிகச் சிறிய பங்கு. அதனால் குறுகிய தூரம் மெதுவாகப் போய்வரும் பயணிகள் படகுக்கு இது கச்சிதம். கேரளத்தில் வைக்கம், தவணக்கடவு இடையே 75 பேரை ஏற்றும் சோலார் படகு 'ஆதித்யா' 2017-இல் ஓடத் தொடங்கியது, பேட்டரிப் படகுகள் ஓடும் கொச்சி வாட்டர் மெட்ரோ சேவை 2023-இல் வந்தது. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கும் விசைப்படகுக்கு? இப்போதைக்கு வாய்ப்பில்லை என்றுதான் சொல்வேன். அப்புறம், கூரையில் சோலார் பேனல் போட்டால் கரன்டே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆதித்யாவுக்கே கரையில் சார்ஜ் போடத்தான் செய்கிறார்கள்.