விசா காலம் முடிந்தபின் பெர்மிட் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: நான் புதுக்கோட்டைப் பக்கம், வயது 26. இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்பதால் கோலாலம்பூர் வந்தேன். வந்தபின் பெர்மிட் எடுத்துத் தருவதாக ஊர் ஏஜென்ட் சொன்னார். எட்டு மாதம் ஆகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. இங்குள்ள ஒருவர் 6,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தால் பெர்மிட் போட்டுத் தருகிறேன் என்கிறார். சட்டப்படி வேலை செய்ய எனக்கு என்ன வழி இருக்கிறது?

பதில்: தம்பி, அந்த 6,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் மேற்கொண்டு ஒரு சென்கூடக் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். இப்போதைய நிலையில் மலேசியாவுக்குள் இருந்துகொண்டு நீங்கள் சட்டப்படி செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை. பகுதி நேரம், தினக்கூலி, இன்னொருவர் பெயரில் உணவு டெலிவரி என்று எதைச் செய்தாலும் குற்றம்தான். 30 நாள் வருகைப் பாஸ் கையில் இருந்த நாளிலேயே உங்களுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. இப்போது அந்தப் பாஸும் காலாவதி. பிடிபட்டு வழக்குப் போட்டால் குடிநுழைவுச் சட்டப்படி குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பெர்மிட் போட்டுத் தருகிறேன் என்பவர் என்ன செய்வார் தெரியுமா? 2023 ஜனவரி 27 முதல் அந்த ஆண்டு இறுதி வரை, பெர்மிட் இல்லாதவர்களை முறைப்படுத்த அரசாங்கம் ஒரு திட்டம் நடத்தியது. அதிலும் முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும்; ஏஜென்டுக்கு இடமே இல்லை என்று அறிவித்திருந்தார்கள். அதன் பதிவு முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. ஆனால் அதன் பெயரைச் சொல்லி இன்னும் பணம் வாங்குகிறார்கள். பழைய ரசீதில் பெயரை மாற்றி, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, 'ஃபைல் உள்ளே போய்விட்டது' என்பார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு காத்திருந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தப் படத்தைத் தவிர அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லை.

இன்னொரு கூட்டம் 'சாப்பு (முத்திரை) அடித்துத் தருகிறோம்' என்று வரும். ஆள் இங்கேயே இருப்பார். பாஸ்போர்ட் மட்டும் தாய்லாந்து எல்லை வரை போய் முத்திரை வாங்கி வரும். இல்லாவிட்டால் முத்திரையே போலியாக இருக்கும். நீங்கள் எப்போது வந்தீர்கள், வெளியே போனீர்களா என்பது குடிநுழைவுத் துறையின் கணினியில் இருக்கிறது. விமான நிலையத்தில் தட்டிப் பார்த்த உடனே தெரிந்துவிடும். அதுவரை நீங்கள் நாள் கடந்து தங்கியவர் மட்டும்தான். அதன் பிறகு போலி ஆவணம் வைத்திருந்தவர் என்று ஆகிவிடுவீர்கள். அந்த வழக்கு இதைவிடப் பெரியது. தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் உங்களோடு அறையில் இருப்பவருக்குப் பொருந்தலாம். முறையான பெர்மிட்டில் வந்து, முதலாளி அதைப் புதுப்பிக்காமல் விட்டதால் கோசோங், அதாவது பெர்மிட் இல்லாதவர்கள், ஆனவர்கள் இருக்கிறார்கள். சம்பளப் பாக்கியும் இருக்கும். அவர்கள் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். வழக்கு முடியும்வரை இங்கே தங்குவதற்குச் சிறப்புப் பாஸ் கேட்கலாம், மாதம் 100 வெள்ளி. கிடைத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பார்கள், ஆனால் அந்தப் பாஸில் வேலை செய்யக் கூடாது! சம்பளம் வராததால் புகார் கொடுத்தவன், மாதாமாதம் 100 வெள்ளி கட்டிக்கொண்டு வருமானம் இல்லாமல் எதைச் சாப்பிடுவான்? பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. புதுப்பிக்காமல் விட்டால் டிப்போ எனும் தடுப்பு முகாமுக்குப் போவது தொழிலாளி. சட்டவிரோதமாக ஆள் வைத்த முதலாளிக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சோதனை நடந்தால் லாரியில் முதலில் ஏற்றப்படுவது தொழிலாளிதான். இத்தனை ஆண்டாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோபம்தான் வருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது ஊருக்குப் போவது. தாமாக முன்வருகிறவர்களை வழக்கு இல்லாமல் அனுப்ப அரசாங்கம் அவ்வப்போது திட்டம் அறிவிக்கிறது. அப்படி 2025 மே 19 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவித்த திட்டத்தில், நாள் கடந்து தங்கியவருக்கு 500 வெள்ளி கம்பவுண்ட் (வழக்கு இல்லாமல் கட்டும் அபராதம்), நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான சிறப்புப் பாஸுக்கு 20 வெள்ளி. இதற்கும் ஏஜென்ட் தேவையில்லை. குடிநுழைவு அலுவலகத்துக்கு நீங்களே போக வேண்டும். போகும் அன்று எந்தத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது, என்ன தொகை என்பதை அலுவலகத்திலேயே கேளுங்கள், பிரிக்ஃபீல்ட்ஸ் டீக்கடையில் கேட்காதீர்கள். மறுபடி வருவதற்குச் சில காலம் தடை விழலாம், அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கேளுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதே 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். தர மறுத்தால் சண்டைக்கு நிற்காமல் மோன்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள். ஊர் திரும்புவதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் அங்கே கிடைக்கும். டிக்கெட்டுக்கே வழியில்லாமல் தவிப்பவர்களுக்கு உதவ 2009 முதல் ஒரு நலநிதியும் அங்கே இருக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம். கிளம்பும் முன் எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

மறுபடி வர ஆசை இருந்தால், ஊரில் இருக்கும்போதே இங்குள்ள முதலாளி விசாவுக்கு அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். 'முதலில் வா, அப்புறம் பார்க்கலாம்' என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு இருக்கிறதா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

அந்த 6,000 வெள்ளி இன்னும் உங்கள் கையில் இருந்தால், கம்பவுண்ட், பாஸ், சென்னைக்கு டிக்கெட் எல்லாம் போக மீதிப் பணம் வீட்டுக்குக் கொண்டுபோகும் அளவுக்கு இருக்கும்.