தண்ணீருக்குப் பயப்படும் குழந்தையைக் கோடையில் எப்படிப் பழக்குவது?

ஆறு வயது மகள் தண்ணீர் என்றாலே அலறுகிறாள், மே மாத விடுமுறைக்குக் குற்றாலம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் குற்றாலம் வேண்டாம். அங்கே சீசனே ஜூனில்தான் தொடங்கும். தவிர, அருவியின் இரைச்சலே அவளை மிரட்டிவிடும்.

ஊரில் பம்புசெட் இருந்தால் அதுவே போதும். என் மகனுக்கும் இதே பயம் இருந்தது. முதல் நாள் வாய்க்காலில் கால் நனைத்துக் காகிதக் கப்பல் விட்டான், அவ்வளவுதான். மறுநாள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, சொம்பால் மொண்டு என் தலையில் ஊற்றினான். எப்போது ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது எல்லாம் அவன் கையில் இருந்ததால் சிரிப்பு வந்துவிட்டது. நான்காம் நாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினான்.

அழுததும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று பிள்ளை மனதில் பதிந்து, அடுத்த முறை பயம் கூடும். அதற்காகத் திடீரென்று தள்ளிவிடவும் கூடாது. மாமா, சித்தப்பா யாராவது விளையாட்டாகச் செய்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அழுகை அடங்கும்வரை கரையில் கூடவே உட்காருங்கள்.

பயம் தெளிந்த பிறகுதான் இன்னும் கவனம் வேண்டும். அவள் தண்ணீரில் இருக்கும்வரை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.