எழுந்து போன விதம்

அன்புள்ள ஐயா,

தைப்பூசக் காவடி முடிந்து வீட்டில் ஏழு கறிச் சாப்பாடு. இலையை மடிப்பதற்குள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். அப்பா நாற்பது வருடமாக எம்.எம்.எம். கட்சிக்காரர். "காசாம் உத்தீம் மாதிரி ஒரு ஜனாதிபதி இனி மொரிஷியசுக்கு வரமாட்டார்" என்றார். மாமா லேபர் கட்சி. "ஏன் அத்தான், அங்கிடி செட்டியாரை விட்டுவிட்டீர்கள்? எங்கள் ஆள் என்பதாலா? முதல் ஜனாதிபதி வீராசாமி ரிங்காடுவும் லேபர் கொடுத்தவர்தானே?" என்று பிடித்துக்கொண்டார். அப்பாயி, "கட்சியை விடுங்கள், தமிழர்கள் நாலு பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். சித்தி மட்டும் அடுப்படியிலிருந்து, "எல்லோரும் ரப்பர் ஸ்டாம்ப். அதற்கு ஒரு சண்டையா!" என்றார். இவர்களில் யார் சொல்வது சரி?

பெயர் வேண்டாம், ரோஸ்ஹில்

*

அன்புள்ள நண்பருக்கு,

சித்தி சொன்னது முக்கால்வாசி சரி. நம் ஜனாதிபதிக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. பிரதமர் பெயரை முன்மொழிவார், சட்டசபை அதை ஏற்கும். வருகிற மசோதா பிடிக்கவில்லையென்றால், பண மசோதா போன்றவை நீங்கலாக, ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மறுபடி வந்துவிட்டால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். முடியாது என்றால் ராஜினாமா. மிச்ச நாளெல்லாம் ரெதுயி மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் வேலைதான். அதனால் எந்தக் கட்சி கூட்டி வந்து உட்காரவைத்தது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுந்து போன விதத்தைப் பார்க்கிறேன்.

2002 பிப்ரவரிக்கு வருவோம். அமெரிக்காவில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஐந்து மாதம். பயங்கரவாதத் தடுப்பு மசோதா உத்தீம் மேசைக்கு வந்தது. பிடிபட்டவரை 36 மணி நேரம் வரை வக்கீலோ வீட்டாரோ பார்க்க முடியாமல் போலீஸ் வைத்திருக்கலாம் என்றது அது. அவர் கையெழுத்துப் போடவில்லை, பதவியை விட்டுப் போனார். அன்று நான் போர்ட் லூயி பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மடித்த பத்திரிகையால் முழங்காலைத் தட்டிக்கொண்டே "லின் அலே, லின் அலே" என்றார். கிரியோலில், போய்விட்டார், போய்விட்டார் என்று. அவருக்குச் சந்தோஷமா துக்கமா என்று எனக்குப் புரியவே இல்லை.

இதில் அப்பா ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மசோதாவைக் கொண்டுவந்ததே எம்.எஸ்.எம்., எம்.எம்.எம். கூட்டணி அரசுதான். எம்.எஸ்.எம். தலைவர் அனிருத் ஜக்நாத் பிரதமர், எம்.எம்.எம். தலைவர் பெராஞ்சே துணைப் பிரதமர். உத்தீம் வளர்ந்த கட்சியின் அரசுக்குத்தான் உத்தீம் முடியாது என்றார். அந்தப் பெருமையை எம்.எம்.எம். கணக்கில் எப்படி எழுதுவது?

அடுத்து பொறுப்புக்கு வந்தவர் துணை ஜனாதிபதி செட்டியார். அவரும் போடவில்லை, சில நாளில் அவரும் போனார். மாமா சொல்வது நியாயம், இந்தப் பெயரை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். ஆனாலும் லேபர் அப்போது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சிக்காரர் மறுப்பதைவிடச் சொந்த வீட்டுக்காரர் மறுப்பது கஷ்டம். அதனால் என் கணக்கில் உத்தீமுக்கு அரை மதிப்பெண் கூடுதல். உத்தீமின் இரண்டாவது பதவிக்காலம் முடியச் சில மாதமே பாக்கி இருந்தது என்று யாராவது கிளப்புவார்கள். சரி, அந்த அரையைக் காலாக்கிக்கொள்ளுங்கள்.

அப்பாயியின் கணக்கு இங்கேதான் சிக்கலாகிறது. செட்டியாருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளையிடம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டார், மசோதா சட்டமாயிற்று. ஒரே வாரம், ஒரே நாற்காலி, இரண்டு தமிழர். ஒருவர் போடாமல் எழுந்தார், ஒருவர் போட்டார். பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன், அரசியல் சட்டம் போடு என்கிற இடத்தில் ஒரு நீதிபதி போட்டார். ஆனால் "நம் ஆள்" என்று சொல்லி இந்த இருவரையும் ஒரே மாலையில் கோர்க்க முடியுமா? நாலாவது ஆளான துணை ஜனாதிபதி வையாபுரி, 2018இல் ஜனாதிபதி அமீனா குரிப்-ஃபாகிம் கடன் அட்டை விவகாரத்தில் விலகியதும் வந்து, சுமார் இருபது மாதம் பொறுப்பில் இருந்தார். அவரைப் பற்றிச் சண்டை போட யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

ஜக்நாத் கதை வேறு. மசோதா கொண்டுவந்த அதே பிரதமர் 2003இல் தானே ஜனாதிபதியானார். 2007இல் லேபர் அரசு செட்டியாரை மறுபடி துணை ஜனாதிபதியாக்கியது. ஜக்நாத்தின் மசோதாவில் கையெழுத்துப் போட மறுத்தவர் ஜக்நாத்துக்கே துணை! 2010இல் இறக்கும்வரை செட்டியார் அந்தப் பதவியில் இருந்தார். 2012இல் ஜக்நாத்தும் ராஜினாமா செய்தார், கட்சி வேலைக்குத் திரும்ப. அதுவும் ராஜினாமாதான், உத்தீமுடையதும் ராஜினாமாதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2014இல் லேபர் தலைவர் நவீன் ராம்குலாமும் பெராஞ்சேவும் கூட்டாக, ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், அதிகாரமும் கூட்டிக்கொடுப்போம் என்று தேர்தலில் நின்றார்கள். ஜனம் அவர்களைத் தோற்கடித்து ஜக்நாத்தை மறுபடி பிரதமராக்கியது.

மாமாவின் பர்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். நூறு ரூபாயில் ரெங்கநாதன் சீனிவாசன், லேபர். ஆயிரத்தில் கேத்தான் டுவால், சுதந்திரமே வேண்டாம் என்று 1967இல் தேர்தலில் நின்றவர். இரண்டாயிரத்தில் அதே தேர்தலில் அவரை ஜெயித்து சுதந்திரம் வாங்கிய சிவசாகர் ராம்குலாம். மூவரும் ஒரே பர்ஸில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். நோட்டில் தமிழ் எழுத்து எந்த வரியில் வர வேண்டும் என்று 1998இல் தெருவில் இறங்கிய நாம், எந்தக் கட்சிக்காரர் முகம் என்று பார்த்து நோட்டை வேண்டாம் என்றதில்லை.

அப்புறம் மாமாவுக்கு ஒரு திருத்தம். ரிங்காடு பல வருடம் லேபர் நிதியமைச்சர், உண்மை. ஆனால் 1986இல் அவரை கவர்னர் ஜெனரல் ஆக்கியது ஜக்நாத், 1982 தேர்தலில் லேபரை 60-0 என்று துடைத்துப் போட்ட அதே ஜக்நாத். 1992 மார்ச் 12 அன்று நாடு குடியரசானபோது ரிங்காடுதான் முதல் ஜனாதிபதி. ஜூன் கடைசியில் உத்தீமுக்கு இடம் விட்டு எழுந்துகொண்டார், சத்தமே இல்லை. அப்பாயிக்கு என் வணக்கம்.