பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை, கார் வேகம் குறைந்தது: பொறுப்பு யாருடையது?

கேள்வி: வணக்கம் மேடம். நான் சென்னை பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறேன். 2020-ல் பதிவான மின்சாரக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். புது கார்களில் வரும் ஏடாஸ் (ஓட்டுபவரை எச்சரித்து உதவும் தானியங்கி அமைப்பு) வசதி அதில் இல்லை. அதனால் ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் 46,000 ரூபாய் கொடுத்து ஒரு செட் பொருத்தினேன். முன் கண்ணாடியில் கேமரா, ஆக்சிலரேட்டர் பெடல் வயரில் ஒரு சின்னப் பெட்டி, போனில் ஒரு ஆப். முன்னால் போகிற வண்டியை நெருங்கினால் சத்தம் போடும் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஓ.எம்.ஆரில் பெருங்குடி அருகே ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. நான் பெடலிலிருந்து காலை எடுக்காமலே கார் சட்டென்று வேகம் குறைந்தது. பின்னால் வந்த பைக் மோதி, அதை ஓட்டி வந்த பையனுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. என் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு க்ளெய்ம் கிடைக்காது என்கிறார். கடைக்காரர், "செட்டிங்கை மாற்றியது நீங்கள்தானே" என்கிறார். உணர்திறனை 'அதிகம்' என்று வைத்தது நான்தான். ஆனால் தானாக வேகம் குறைக்கும் வசதியை நான் ஆன் செய்யவே இல்லை. கடை கொடுத்தது கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு மட்டும். இப்போது யார் பொறுப்பு? பெட்டியைக் கழற்றிவிடலாமா, செட்டிங்கை மாற்றினால் போதுமா?

பதில்: கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த முதல் பயம், கோபத்தில் அந்தப் பெட்டியை இந்நேரம் பிடுங்கிப் போட்டிருப்பீர்களோ என்பதுதான். இல்லையென்றால், தயவுசெய்து இப்போது தொடாதீர்கள். ஆப்பை அழிக்க வேண்டாம், ரீசெட் வேண்டாம், அப்டேட் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உங்களைக் காப்பாற்றப் போவதும் மாட்டிவிடப் போவதும் அந்த செட்டிங் பக்கம்தான்.

இன்றைக்கே இன்னொரு போனால் ஆப்பின் ஒவ்வொரு திரையையும் வீடியோ எடுத்து வையுங்கள். கேமராவின் மெமரி கார்டில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் விபத்துக் காட்சி அழிந்துபோகும். கார்டைக் கழற்றி உறையிலிட்டு, தேதி எழுதி வையுங்கள். நகலைத்தான் நீதிமன்றத்தில் காட்டப் போகிறீர்கள் என்றால் பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் வேண்டும். எந்தக் கருவியிலிருந்து, எப்போது, யார் நகல் எடுத்தார் என்பதை இப்போதே குறித்து வைத்தால் பிறகு சான்றிதழ் தயாரிப்பது சுலபம். அப்புறம், விபத்தில் சிக்கிய வாகனத்தை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 136 சொல்கிறது. அவர் பார்த்து அறிக்கை கொடுக்கும் வரை காரை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதே நல்லது. அவர் வரும்போது பெட்டியையும் வயரையும் நீங்களாகவே காட்டுங்கள். மறைத்துவைத்துப் பிறகு தெரியவந்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஆப்பில் எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறது? இந்த வகைக் கேமராக்கள் பல, முன் வண்டியின் அடிப்பாகம் சாலையைத் தொடும் இடத்தைப் படத்தில் பார்த்து, கேமராவின் உயரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகின்றன. உயரம் 140 செ.மீ. இருக்கும்போது ஆப்பில் 120 என்று இருந்தால், 20 மீட்டர் தள்ளி இருக்கும் வண்டி அதன் கணக்கில் சுமார் 17 மீட்டரில் தெரியும். பெட்டியோடு வந்த எண்ணையே அப்படியே விட்டுவிட்டு, டேப் வைத்து அளக்காமல் கடை ஆள் காரைக் கையில் கொடுத்திருந்தால், அது சேவைக் குறைபாட்டுக்கு நேரடியான சாட்சி. நீங்கள் மாற்றிய 'அதிகம்' என்ற ஒரு செட்டிங்கைவிட இது பெரிய விஷயம்.

சரி, கிரிமினல் வழக்குக்கு வருவோம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதனால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281 (கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது), 125(பி) (அதனால் கொடுங்காயம்) இரண்டும் எஃப்.ஐ.ஆரில் இருக்கும் என்று நினைக்கிறேன். 125(பி)-க்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விசாரணையில், "கார் தானாகவே நின்றது, நான் எதுவும் செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள்: ஸ்கூட்டர் குறுக்கே வந்தது, எவ்வளவு வேகத்தில் போனீர்கள், பெட்டி என்ன செய்தது, அதைப் பற்றிக் கடை உங்களிடம் என்ன சொல்லியிருந்தது. வண்டியை யார் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார் என்பதைத்தான் சட்டம் பார்க்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் நீங்கள்.

சாலை விதி இரண்டு பக்கமும் பேசுகிறது. பின்னால் வருகிறவர் போதிய இடைவெளி விட வேண்டும். முன்னால் போகிறவர் பாதுகாப்புக் காரணம் இல்லாமல் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கோவை விபத்து ஒன்றில் தீர்ப்பளித்தது. நெடுஞ்சாலையில் சிக்னல் இல்லாமல் காரைச் சட்டென்று நிறுத்தியவர் மீது 50 விழுக்காடு, பின்னால் வந்து மோதி விழுந்த பைக் மாணவர் மீது 20, அவர் மேல் ஏறிய பேருந்து மீது 30 என்று பொறுப்பைப் பிரித்தது. அந்தக் காரை நிறுத்த சாலையில் எந்தக் காரணமும் இருக்கவில்லை. உங்கள் முன்னால் ஸ்கூட்டர் இருந்தது. மெமரி கார்டை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

இதில் என்னை உறுத்தும் கேள்வி இன்னொன்று. பெட்டி பிரேக்கை மிதிப்பதில்லை. பெடல் சிக்னலை வெட்டுகிறது, உடனே காரின் ரீஜன் (மோட்டாரே காரை மெதுவாக்கி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் வசதி) பிடிக்கிறது. ரீஜனை நீங்கள் அதிக அளவில் வைத்திருந்தால் பிரேக் பிடித்தது போலவே இருக்கும். அந்த நேரத்தில் பின் விளக்கு எரிந்ததா? சில கார்களில் பிரேக் பெடலை மிதித்தால்தான் எரியும். ஆய்வாளர் வரும்போது அவர் முன்னிலையில் இதைச் சோதிக்கக் கேளுங்கள். விளக்கு எரியவில்லை என்று தெரிந்தால், அந்தப் பையன் பக்கம் நியாயம் கூடும். அது தெரிய வேண்டியதுதான்.

அவருக்கு உரிய இழப்பீட்டைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம். பெட்டி பொருத்தியிருந்தார் என்ற காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் மூன்றாம் நபரான அவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது என்பது என் கருத்து. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 150(2) அதற்கு அனுமதிக்கும் காரணங்கள் குறிப்பிட்டவை, இது அதில் இல்லை. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) தாக்கலானால், சம்மன் கிடைத்த அன்றே அதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். முத்திரைத்தாளில் தனியாக சமரசம் எழுதிக்கொள்ள வேண்டாம். ஆனால் அவரை மருத்துவமனையில் போய்ப் பார்க்கலாம், பார்ப்பதுதான் முறை.

உங்கள் கார் சேதத்துக்கான க்ளெய்ம் வேறு கதை. அது பாலிசி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. காரில் முக்கியமான மாற்றம் செய்தால் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். நீங்கள் தெரிவிக்கவில்லை, அது பலவீனம்தான். ஆனால் சர்வேயர் வாயால் சொன்னது நிராகரிப்பு ஆகாது. எந்த நிபந்தனை, எப்படி மீறப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் முழுத் தொகையையும் மறுக்காமல் 75 விழுக்காடு வரை கொடுக்கலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு வழக்கில் காட்டியிருக்கிறது. நிறுவனத்திடம் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் தீரவில்லை என்றால், தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. ஆனால் அதே விஷயத்தில் நுகர்வோர் வழக்கு நிலுவையில் இருந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள்.

கடைக்காரரை விடக் கூடாது. "செட்டிங்கை மாற்றியது நீங்கள்" என்று அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு சட்ட வாதம் இருக்கிறது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியிருந்தாலோ விற்றவர் மீது பொறுப்பு வராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 87 சொல்கிறது. ஆனால் ஆப்பே கொடுக்கிற மூன்று அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறான பயன்பாடு ஆகுமா? ஆகாது என்றுதான் நான் வாதிடுவேன். பெடலை வெட்டும் வசதியை ஆன் செய்தது அவருடைய ஆள். அதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. தயாரித்தவரின் முகவரியே தெரியாத இறக்குமதிப் பொருள் என்றால், பிரிவு 86-ன்படி விற்றவரே பொறுப்பேற்க வேண்டும். பில் தராததும் தனியாக ஒரு நியாயமற்ற வணிக முறை. ஜிபேயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவும் எஸ்டிமேட் சீட்டும் வாங்கியதற்கு ஆதாரமாகப் போதும். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை.

பெட்டி பொருத்தியதே குற்றமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். கண்ணாடியில் கேமரா ஒட்டி எச்சரிக்கைச் சத்தம் கேட்பது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்கிற, வாகனத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் ஆகாது. பெடல் வயரை இடைமறிப்பது அப்படி எளிதாகச் சொல்லிவிடக்கூடியது அல்ல. அனுமதியில்லாத விதத்தில் உதிரிபாகம் பொருத்தினால் அதே சட்டத்தின் பிரிவு 182ஏ(4)-ன்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த வாசகம் விரிவானது. அதனால் செட்டிங்கை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

ஆய்வாளரும் சர்வேயரும் பார்த்து முடித்த பிறகு, வேறொரு டெக்னீஷியனை வைத்துப் பெட்டியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுங்கள், வயர் வெட்டப்பட்டிருந்தால் அவரிடம் எழுதி வாங்குங்கள். பேட்டரி வாரண்டி மிச்சம் இருந்தால் அந்தக் காகிதம் அதற்கும் உதவும். கழற்றிய பெட்டியை எக்காரணம் கொண்டும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். கேமராவை வைத்துக்கொள்ளலாம். உயரத்தை அளந்து ஆப்பில் போட்டு, எச்சரிக்கைச் சத்தம் மட்டும் வரும்படி வைத்து, அடுத்த புதுப்பிப்பின்போது பாலிசியில் துணைக்கருவியாகச் சேர்த்துவிடுங்கள். ரீஜனைக் குறைந்த அளவுக்கு இறக்கிய பிறகு காரை வெளியே எடுங்கள்.