காபூல் யார் கணக்கில்?

கேள்வி: ஆப்கானிஸ்தானைத் தாலிபான்களிடம் தூக்கிக் கொடுத்தவர் பைடன். டிரம்ப் பதவியில் தொடர்ந்திருந்தால் அது நடந்தே இருக்காது. ஒப்புக்கொள்கிறீர்களா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகப் பைடனுக்கு வக்காலத்து வாங்கவும் போவதில்லை.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் தாலிபான்களோடு ஒப்பந்தம் போட்டது டிரம்ப் அரசு. 14 மாதங்களில் மொத்தப் படையும் வெளியேறிவிடும் என்று எழுதிக் கொடுத்தது. காபூல் அரசை அந்தப் பேச்சுவார்த்தையில் உட்காரவே விடவில்லை. ஆனால், அந்த அரசின் சிறைகளில் இருந்த தாலிபான்களில் 5,000 பேர் வரை விடுதலையாவார்கள் என்று அதைக் கேட்காமலே வாக்குக் கொடுத்தார்கள். ஓர் அரசை எதிரியின் கண்முன்னே இதைவிடச் சிறுமைப்படுத்த முடியுமா? அதன் சிப்பாய் பிறகு யாரை நம்பிச் சண்டை போடுவான்? டிரம்ப் பதவி இறங்கியபோது அங்கே மிஞ்சியிருந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 2,500 பேர்தான். 2021 ஏப்ரலில் பைடன் கெடுவைத் தள்ளிவைத்ததும், 'இன்னும் சீக்கிரமே கிளம்ப வேண்டும்' என்ற பொருளில் அறிக்கை விட்டவரும் டிரம்ப்தான். காபூல் விழுந்த பிறகு அவர் பேசியதை மட்டும் வைத்துக் கேட்கிறீர்கள்.

இனி பைடன். அந்த 2,500 பேரையாவது நிறுத்திவைக்க வேண்டும் என்பதே தங்கள் கருத்து என்று தளபதிகள் மில்லியும் மெக்கென்சியும் செனட் குழு முன் சொன்னார்கள். பைடன் கேட்கவில்லை. தாலிபான்கள் நாடு முழுவதையும் பிடிக்க வாய்ப்பே இல்லை என்கிற தொனியில் ஜூலை 8 அன்று பேசினார். ஆகஸ்ட் 15 அன்று காபூல் அவர்கள் கையில். டிரம்ப் போட்ட ஒப்பந்தம் தன் கையைக் கட்டிவிட்டது என்று அவர் சொன்ன சமாதானத்தை நான் ஏற்கவில்லை. டிரம்ப் விலகிய பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில், பதவியேற்ற அன்றே மறுபடி சேரக் கையெழுத்திட்டவர் அவர். மாற்ற நினைத்ததை மாற்றினார். இதை மாற்ற அவருக்கு மனமில்லை. (2003-ல் இராக்குக்குப் போய் இந்தப் போரைப் பாதியில் விட்ட புஷ்ஷையும், படையைச் சுமார் ஒரு லட்சமாக்கிய ஒபாமாவையும் மறந்துவிடவில்லை.)

ஆகஸ்ட் 26 அன்று விமான நிலைய வாசலில் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்கள் இறந்ததைக் குடியரசுக் கட்சி விடாமல் கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். அதே குண்டில் இறந்த சுமார் 170 ஆப்கானியர்களை யார் கேட்கிறார்கள்? மூன்று நாள் கழித்து அமெரிக்க டிரோன் காபூலில் ஒரு வீட்டு முற்றத்தில் குண்டு போட்டது. இறந்தவர்கள் 10 பேர். அதில் 7 பேர் குழந்தைகள். பயங்கரவாதியைத் தாக்கினோம் என்று முதலில் சொன்ன பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை), செப்டம்பரில் தவறு என்று ஒப்புக்கொண்டது. டிசம்பரில், யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது என்று முடித்துவிட்டது.

டிரம்பா, பைடனா என்கிற உங்கள் கேள்வியில் இந்தப் பத்துப் பேருக்கு இடம் எங்கே இருக்கிறது?